மோசெல் ஆற்றோரம் மிதிவண்டியில் இருவர்: கோப்லென்ஸ் வரை போகத்தான் வேண்டுமா?

மாலைவெயில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் என் கணவரும் ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் மிதிவண்டிப் பயணம் செல்லவிருக்கிறோம். ட்ரியரில் வண்டிகளை வாடகைக்கு எடுத்து, ஆற்றை ஒட்டிய பாதையிலேயே, மோசெல் ரைன் நதியில் கலக்கும் கோப்லென்ஸ் வரை சென்று, ஏறத்தாழ 200 கிலோமீட்டரை ஐந்து நாளில் முடிக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். இருவருக்கும் வண்டி ஓட்டிப் பழக்கம் உண்டு; ஆனால் அவர் வேகமாகப் போகிறவர், நான் வழியில் எதைக் கண்டாலும் இறங்கி நிற்கிறவள். எனக்கு ஒயினில் நல்ல ஆர்வம். அவர் மதுவைத் தொடுவதே இல்லை. முழுத் தூரமும் போவது நல்லதா, மின்னுதவி வண்டி எடுக்க வேண்டுமா, ஒயினுக்கென்றே பெயர்பெற்ற ஊர்களில் குடிக்காத ஒருவருக்குப் பொழுது போகுமா என்பவைதாம் என் கேள்விகள். ஓய்வுக்காகத்தான் போகிறோம், சாதனைக்காக அன்று.

நீள்பாதை எழுதியது:

வணக்கம். ஐந்து நாளில் 200 கிலோமீட்டர் என்பது காலுக்குக் கடினமே இல்லை. பாதை பெரும்பாலும் சமதளம், தார் போட்டது, ஆற்றின் போக்கிலேயே இறங்குவது; நாளொன்றுக்கு 40 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். இடிப்பது நேரம்தான். மோசெல் ஊர்களில் பார்க்க வேண்டியவை ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. நடுப்பகுதியில் நெருங்கிக் கிடக்கின்றன. தூரத்தைச் சமமாகப் பங்கிட்டால், நிற்க வேண்டிய இடங்களைக் கடந்து போவீர்கள், கடக்க வேண்டிய இடங்களில் இரவு தங்குவீர்கள்.

என் யோசனை இது: கொக்கெமில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் ட்ரியரிலிருந்து நோய்மாகன்-ட்ரோன் வரை சுமார் 40 கிலோமீட்டர்; அதுதான் பயணத்தின் நீளமான நாள்களில் ஒன்றாக இருக்கட்டும். இரண்டாம் நாள் பீஸ்போர்ட் வழியாகப் பெர்ன்காஸ்டல்-கூஸ், சுமார் 23. மூன்றாம் நாள் ட்ராபன்-ட்ரார்பாக், சுமார் 24. நான்காம் நாள் ட்செல், அதைவிடவும் குறைவு. ஐந்தாம் நாள் பிரெம், பைல்ஷ்டைன் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கொக்கெம், சுமார் 37.

வரைபடத்தில் இந்த ஆற்றின் வளைவுகளைப் பார்த்தால், ஒருவர் வேண்டுமென்றே வழியை நீட்டியது போலத் தோன்றும். பெர்ன்காஸ்டலிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக்கிற்கு மலையைக் கடந்து நடந்தால் ஏழு கிலோமீட்டர் அளவில்தான் வரும். ஆற்றோடு போனால் அதன் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அந்தச் சுற்றுவழியில்தான் வேலன், ஏர்டன், யுர்ட்சிக் என்று ரீஸ்லிங் எனும் வெள்ளைத் திராட்சை ஒயினின் பிரியர்கள் புட்டியின் முகப்பில் மட்டுமே படித்திருக்கும் தோட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வேலனுக்கு எதிர்க்கரைச் சரிவில், கொடிகளுக்கு நடுவே பாறையில் 1842இல் அமைத்த சூரியக் கடிகாரம் கீழிருந்தே கண்ணுக்குத் தெரியும். வேலை செய்வோர் மணி பார்ப்பதற்காக வைத்தது, இன்று அந்தத் தோட்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. இந்த 24 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆற்றுமணல் எழுதியது:

நீள்பாதை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆற்றோடு ஒரு பயணம் தொடங்கினால் அது கலக்குமிடம் வரை போவதில் தனி நிறைவு இருக்கிறது. கோப்லென்ஸில் மோசெலும் ரைனும் சேரும் முனையில் இருவரும் வண்டியை நிறுத்தி நிற்பதைக் கொக்கெம் ரயில் நிலையம் ஈடுசெய்யாது. மேலும், கொக்கெமுக்குக் கீழே சரிவுகளில் கல்சுவர் அடுக்கி எழுப்பிய படிக்கட்டுத் தோட்டங்கள் உள்ளன. வின்னிங்கன் ஊரின் ஊலன் தோட்டத்தைப் பார்க்காமல் மோசெலைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா? மோசெல்கெர்ன் ஊரிலிருந்து காட்டுவழியே நடந்தால் எல்ட்ஸ் கோட்டை வேறு இருக்கிறது. குடிக்காத கணவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

நீள்பாதை எழுதியது:

எல்ட்ஸ் கோட்டையைப் பற்றி மறுப்பே இல்லை. கொக்கெமிலிருந்து மோசெல்கெர்னுக்கு ரயிலில் போய் வந்துவிடலாம். ஆனால் கொக்கெமுக்குக் கீழே மிதிவண்டிப் பாதை பல இடங்களில் நெடுஞ்சாலையின் ஓரமாகவே ஓடுகிறது. ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் லாரியும் என்று மணிக்கணக்கில் போவது இருவர் பேசிக்கொண்டே ஓட்டும் பயணத்துக்குப் பொருந்தாது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஆற்றுமணல் சொல்வதைச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் நடுப்பகுதியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கி அங்கே போடாதீர்கள்.

தேறல் எழுதியது:

ஒயின் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். செப்டம்பர் கடைசி என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அறுவடை தொடங்கும் காலம் அது. ரீஸ்லிங் பொதுவாகக் கடைசியாகப் பழுப்பதால் அக்டோபரிலும் பறிப்பார்கள். பார்ப்பதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேசுவதற்கோ இதைவிட மோசமான பருவமும் இல்லை. குடும்பமாக நடத்தும் சிறு பண்ணைகளில் பகலில் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் சரிவில் இருப்பார்கள். ஆகவே முன்கூட்டியே எழுதி, மாலை ஐந்து மணிக்குப் பிறகு சுவைக்க வரலாமா என்று கேட்டுவிடுங்கள். சுவைத்த பிறகு ஓரிரு புட்டிகளாவது வாங்குவதுதான் மரியாதை. முழுப் புட்டி ஒன்று 1.2 கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதால், பொருள்களை விடுதிக்கு விடுதி வண்டியில் கொண்டுசேர்க்கும் சேவையை எடுத்திருந்தால் அன்றிரவே பெட்டியில் வைத்துவிடலாம்.

மோசெல் ஒயினின் அருமை அந்தச் சரிவிலேயே தெரிந்துவிடும் என்பதால், ஒருமுறையாவது வண்டியைக் கீழே பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் ஏறிப் பாருங்கள். காலடியில் மண்ணே தெரியாது. உள்ளங்கை அகலத்தில் உடைந்த சாம்பல்நீலப் பலகைக்கல் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும், மிதித்தால் ஓடு நொறுங்கும் ஓசை வரும். பகலில் வாங்கிய வெயிலை இந்தக் கல் மாலையில் மெல்ல வெளிவிடுகிறது. இவ்வளவு வடக்கே ரீஸ்லிங் பழுப்பதற்கு அந்தச் சூடும், தெற்கு நோக்கிய சரிவும், கீழே ஆறு திருப்பியனுப்பும் வெளிச்சமும் சேர்ந்தே காரணம். பழைய தோட்டங்களில் கம்பிப் பந்தல் இருக்காது. கொடிக்கு ஒரு மரக்கழி, அதில் இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். தோளில் கூடையோடு மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் நடந்து பறிப்பதற்கு அது வசதி. மிகச் செங்குத்தான இடங்களில் பல்லுள்ள ஒற்றைத் தண்டவாளம் ஒன்று சரிவில் ஏறிப் போவதைக் காணலாம்; அதில் ஒரு சிறு எஞ்சின் ஆளையும் பெட்டிகளையும் இழுத்துச் செல்லும். பிரெம் ஊருக்கு மேலே நிற்கும் கால்மோன்ட், ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான தோட்டங்களுள் ஒன்று. அங்கே கையால் செய்யாமல் எந்த வேலையும் நடக்காது.

சுவைப்பதில் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பு இல்லாதது. 'ஃபைன்ஹெர்ப்' என்றால் இலேசான இனிப்பு. இந்த இரண்டு சொல்லும் இல்லாமல் 'கபினெட்', 'ஷ்பேட்லேசே' எனும் தரப்பெயர் மட்டும் உள்ளவை இங்கே பெரும்பாலும் இனிப்பானவை. 'ட்ரோக்கன்' ஒயின்களில் மது 12 சதவீதம் அளவில் இருக்கும்போது, இனிப்பான 'கபினெட்' பல சமயம் 8 சதவீதம் அளவிலேயே நின்றுவிடும். சர்க்கரை முழுவதும் நொதிக்காமல் மிஞ்சிவிடுவதே காரணம். இனிப்பு என்றாலே தரம் குறைந்தது என்று ஒதுக்குவோர் மோசெலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. அந்தப் புளிப்புக்கும் இனிப்புக்கும் இடையிலான இழுபறிக்காகத்தான் அங்கே போவது.

பின்சக்கரம் எழுதியது:

தேறல் குறிப்பிட்ட ஒழுங்கோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன்: வண்டியைக் கொட்டகையில் விட்ட பிறகே கோப்பையைத் தொடுங்கள். ஜெர்மனியில் மிதிவண்டி ஓட்டுவோருக்கு ரத்த மது அளவின் உச்சவரம்பு ஆயிரத்துக்கு 1.6 என்று கேட்டுவிட்டுப் பலர் நிம்மதியடைகிறார்கள். தள்ளாடி ஓட்டினாலோ விபத்தில் சிக்கினாலோ 0.3 இருந்தாலே வழக்குப் பதிய முடியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் உதவும் மின்வண்டிகளும் இந்த விதியில் மிதிவண்டிகள்தாம். 45 வரை போகும் வகை மோட்டார் வாகனமாகக் கருதப்படும். சட்டம் ஒருபுறமிருக்க, ஆற்றோரப் பாதையின் பல பகுதிகளில் தடுப்பே கிடையாது. அறுவடை நாள்களில் டிராக்டர்கள் கொட்டிச் செல்லும் மண்ணும் நசுங்கிய பழமும் மழை பெய்தால் வழுக்கும். நாளொன்றுக்குச் சராசரியாக 30 கிலோமீட்டருக்கும் குறைவு என்ற திட்டத்தில் மதியத்துக்குள் ஊர் சேர்ந்துவிடுவீர்கள் என்பதால், சுவைப்பு முழுவதையும் மாலைக்கு வைப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

மின்னுதவி வண்டியைப் பற்றி: பாதைக்கு அது தேவையில்லை. இருவருக்கும் வேகம் ஒத்துவராதது உண்மையான பிரச்சினை என்றால், மெதுவாகப் போகிறவர் மட்டும் மின்வண்டி எடுப்பது ஒரு வழி. ஆனால் நீங்கள் மெதுவாகப் போவது வலுவில்லாமல் அன்று, நிற்பதில் உள்ள விருப்பத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எந்த மோட்டாரும் மருந்தாகாது. நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும். வாடகைக்கு எடுக்கும்போது ட்ரியரில் எடுத்து வேறோர் ஊரில் ஒப்படைக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ரயிலில் ட்ரியருக்கே திரும்ப வேண்டியிருக்கும், அதுவும் எளிதுதான். இருக்கை உயரத்தைக் கடையிலேயே சரிசெய்து, பக்கப்பையை மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குதிகால் பையில் இடிப்பது பத்தாவது கிலோமீட்டரில்தான் எரிச்சல் தரத் தொடங்கும்.

மாலைவெயில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பின்சக்கரம் கடைசியாகச் சொன்னதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். "நான் பின்னால் வருவதா" என்று மட்டும் கேட்டார். கொக்கெமோடு நிறுத்துவது எங்கள் இருவருக்குமே பிடித்திருக்கிறது. குடிக்காதவருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் எல்ட்ஸ் கோட்டையைத் தவிர இன்னும் பதில் வரவில்லை.

நீள்பாதை எழுதியது:

நான் அந்த வகைதான், ஆகவே என்னால் சொல்ல முடியும். ட்ரியரிலேயே ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்குங்கள்: 2ஆம் நூற்றாண்டின் ரோமானிய நகரவாயிலான போர்டா நிக்ரா அங்கே இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில், ஒயின் பீப்பாய்களை ஏற்றிய படகைத் துடுப்பாளர்களோடு செதுக்கிய கல்லறைச் சிற்பம் உண்டு; ஏறத்தாழ கி.பி. 220ஐச் சேர்ந்த அது, 1878இல் நோய்மாகனில் கிடைத்தது. மறுநாள் மாலை நோய்மாகனுக்கே போய்ச் சேரும்போது அதன் பிரதி அங்கே நிற்கும். அந்தப் படகின் மாதிரியில் கட்டிய மரக்கலமும் ஆற்றில் மிதக்கிறது. அதற்கடுத்த பீஸ்போர்ட்டில், 4ஆம் நூற்றாண்டில் திராட்சை மிதித்துப் பிழிந்த ரோமானியத் தொட்டிகளை 1985இல் தோண்டியெடுத்திருக்கிறார்கள், பாதையோரத்திலேயே இருக்கின்றன.

பெர்ன்காஸ்டலின் எதிர்க்கரையான கூஸ் பகுதியில் நிக்கோலாஸ் என்ற மெய்யியலாளர் 1401இல் பிறந்தார். பின்னாளில் கர்தினாலாக உயர்ந்தவர். முதியோருக்கென்று அவர் நிறுவிய இல்லம் இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. இயேசு வாழ்ந்த ஆண்டுகளைக் கணக்கில் கொண்டு 33 பேருக்கு இடம் என்று வகுத்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அங்குள்ள நூலகத்தில் உள்ளன. உடல் ரோமில் அடக்கமாக, இதயம் மட்டும் இந்த இல்லத்தின் சிற்றாலயத்தில் இருக்கிறது. இல்லத்தின் செலவுக்கு வருமானம் தந்தது, வேறென்ன, திராட்சைத் தோட்டம்தான்.

ட்ராபன்-ட்ரார்பாக் இன்னொரு வகை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒயின் வணிகத்தில் பிரான்சின் போர்தோவுக்கு அடுத்த ஊர் என்று சொல்லும் அளவுக்குப் பணம் புரண்ட இடம். அந்தப் பணத்தில் புரூனோ மோரிங் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு பாலத்து வாயிலும் மாளிகைகளும் கிடங்குகளும் கட்டினார்கள். அவர் கட்டிய ஒயின் பண்ணைக் கட்டடம் ஒன்று இப்போது புத்தர் அருங்காட்சியகமாக இருக்கிறது. மோசெல் கரையில் புத்தர் சிலைகளை யாரும் எதிர்பார்ப்பதில்லை, எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

பானத்தைப் பொறுத்தவரை, பல தோட்டக்காரர்கள் தங்கள் திராட்சையிலிருந்தே சாறும் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். உங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் அவருடைய கோப்பையும் இருக்கும். அவரைத் துணைக்கு வந்தவர் என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள். தோட்டங்களின் ஓரத்தில் வளரும் சிவப்புச் சதைப்பற்றுள்ள பீச் பழத்தில் செய்த ஜாமும் கேட்டு வாங்குங்கள்.

பின்சக்கரம் எழுதியது:

வேகமாக ஓட்ட விரும்புகிறவருக்கு ஒரு நாளை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் இதைப் பாருங்கள்: பெர்ன்காஸ்டலிலிருந்து டாவுன் என்ற மலையூருக்கு மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பேருந்து பருவகாலத்தில் ஓடுகிறது, இடத்தை முன்பதிவு செய்துவிடுவது நல்லது. டாவுனில் இறங்கி, கைவிடப்பட்ட பழைய ரயில்பாதைமேல் போட்ட மாரே-மோசெல் பாதையில் சுமார் 58 கிலோமீட்டர் ஓட்டினால் மீண்டும் பெர்ன்காஸ்டல். எரிமலை ஏரிகள் உள்ள ஐஃபெல் மேட்டிலிருந்து பாலங்களையும் சுரங்கத்தையும் கடந்து பெரும்பாலும் இறக்கமாகவே வரும். அன்று நீங்கள் பெர்ன்காஸ்டலில் தங்கித் தேறல் சொன்னபடி சுவைத்துக்கொண்டிருக்கலாம். மாலையில் இருவருக்கும் சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கும்.

ஆற்றுமணல் எழுதியது:

பயணமே இருவராகப் போவது. அதில் ஒருவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பச் சொல்கிறீர்களே. இருந்தாலும் மறுக்க மாட்டேன். நாள் முழுவதும் ஒருவர் மற்றவருக்காக வேகத்தை அடக்கிக்கொண்டே போனால் மூன்றாம் நாள் மாலையில் அது எங்காவது வெடிக்கும். நோய்மாகன் நாளையோ ட்செல் நாளையோ சுருக்கிப் பெர்ன்காஸ்டலில் இரண்டு இரவு தங்க முடியுமா பாருங்கள். அறுவடைப் பருவத்தில் வார இறுதியில் ஒரே இரவுக்கு அறை தர மறுக்கும் விடுதிகள் உண்டு என்பதால், இரண்டு இரவு கேட்பது அந்த வகையிலும் உதவும். ஜெர்மானிய மிதிவண்டிச் சங்கம் வழங்கும் 'பெட் பிளஸ் பைக்' குறியுள்ள விடுதிகள் ஒற்றை இரவுக்கும் இடம் தர ஒப்புக்கொண்டவை. வண்டிக்குப் பூட்டிய கொட்டகையும் இருக்கும்.

தேறல் எழுதியது:

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் துடைப்பமோ பூங்கொத்தோ தொங்கினால் அது ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட், அதாவது தோட்டக்காரர் தம் சொந்த ஒயினை விற்கத் தற்காலிகமாகத் திறக்கும் உணவகம். ஆண்டில் நான்கு மாதம், 40 இருக்கை என்ற வரம்புக்குள் உரிமம் இல்லாமலேயே நடத்தலாம் என்பதால் விலையும் சூழலும் வீட்டுத்தனமாக இருக்கும். அந்தப் பருவத்தில் ஃபேடர்வைசர் எனும் நொதித்துக்கொண்டிருக்கும் புது ஒயினையும் வெங்காயப் பணியாரத்தையும் சேர்த்துத் தருவார்கள். பணியாரத்தில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும். வேண்டாதவர்கள் கேட்டுவிட வேண்டும். ஃபேடர்வைசர் பழச்சாறு போல இனிப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போகும். அதைவிட முக்கியம்: அதன் மூடியை இறுக்கி அடைக்க மாட்டார்கள், அடைத்தால் வாயு புட்டியை வெடிக்கச் செய்யும். ஆகவே பக்கப்பையில் படுக்க வைத்தீர்களானால் உங்கள் துணியெல்லாம் ஒயின் குடிக்கும்.

மாலைவெயில் எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். ட்ரியரில் ஓர் இரவு, நோய்மாகனில் ஓர் இரவு, பெர்ன்காஸ்டலில் இரண்டு, ட்ராபன்-ட்ரார்பாக்கில் ஒன்று. அங்கிருந்து ட்செல்லில் தங்காமல் ஒரே நாளில் கொக்கெம். சுமார் 55 கிலோமீட்டர் வரும் அந்த ஒரு நாளை என் கணவரே முன்னால் ஓட்டிச் செல்வதாக ஒப்பந்தம். டாவுன் பேருந்துக்கும் அவர் சம்மதித்துவிட்டார், என்னைவிட ஆர்வமாக. வண்டிகளை ட்ரியரிலேயே ஒப்படைக்க வேண்டியிருப்பதால், கொக்கெமிலிருந்து ரயிலில் திரும்புவதைப் பற்றி மட்டும் யாராவது சொன்னால் போதும்.

பின்சக்கரம் எழுதியது:

வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அந்த மாநிலத்தின் வட்டார ரயில்களில் வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகும், சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும் மிதிவண்டிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடம் உறுதியன்று, வண்டிகள் நிறைந்துவிட்டால் அடுத்த ரயில்தான். அதனால் ஞாயிறு மாலையைத் தவிர்த்து, வார நாளில் முற்பகல் ரயிலைப் பிடியுங்கள். ஏறுவதற்கு முன்பே பைகளைக் கழற்றிவிடுங்கள். நடைமேடையில் ரயில் நிற்கும் நேரத்தில் கழற்ற முடியாது. புறப்பட்டதும் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கெய்சர் வில்ஹெல்ம் சுரங்கத்துக்குள் நுழைந்து, நீங்கள் முந்தின நாள் ஓட்டி வந்த பெரிய வளைவு முழுவதையும் ஒரு சில நிமிடங்களில் தாண்டிவிடும். புல்லாய் தாண்டியதும் சரிவில் தூண்கள்மேல் ஓடும் நீண்ட பாலம் வரும். அங்கே ஆறு இடப்பக்கம்.